மருத்துவமனைக்கு வெளியே நூறு நாட்கள்
பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் குருத்தணு மாற்றுக்குப் பிந்திய பராமரிப்பு

இரத்தப் புற்றுநோய், தாலசீமியா, எலும்பு மஜ்ஜைச் செயலிழப்பு போன்ற நோய்களுக்கு ஸ்டெம் செல் மாற்று எனப்படும் குருத்தணு மாற்றுச் சிகிச்சை இந்தியாவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்யப்பட்டு வருகிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983ஆம் ஆண்டிலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986ஆம் ஆண்டிலும் இது தொடங்கப்பெற்றது. இச்சிகிச்சைக்கு வழி வகுத்த அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1990இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று பல நகரங்களில் இவ்வசதி உண்டு. அரசுக் காப்பீட்டுத் திட்டங்களும் இதற்கு ஓரளவு கைகொடுக்கின்றன.

ஆயினும் இச்சிகிச்சையின் பெரும்பகுதி மருத்துவமனையில் நடைபெறுவதில்லை என்பதைத் திட்டமிடுவோர் போதிய அளவு கவனத்தில் கொள்ளவில்லை. குருத்தணுக்கள் ஒரு பையிலிருந்து இரத்தம் ஏற்றுவது போலவே சில மணி நேரத்தில் ஏற்றப்பட்டுவிடுகின்றன. நோயாளி சில வாரங்கள் தனியறையில் இருக்கிறார். அதன்பின் ஓராண்டு, சிலருக்கு இரண்டாண்டு, அவர் தம் வீட்டிலேயே உடல் தேறுகிறார். அந்த வீடு கிணறும் கோழிக்கூடும் விறகடுப்பும் உள்ள கிராமத்து வீடானால், மாநில எல்லைக்கு அருகிலும் அமைந்திருந்தால், நிலைமை என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லையும் மக்களும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் அமைந்தது நெய்யாற்றின்கரை வட்டம். 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலையைத் தாண்டி இஞ்சிவிளையைக் கடந்தால் களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. செங்கல், காரோடு, குளத்தூர், கொல்லயில், குன்னத்துகால், வெள்ளறடை முதலிய ஊராட்சிகளில் இரு மொழிகளும் புழங்குகின்றன. உறவும் சந்தையும் வழிபாடும் எல்லையின் இருபுறமும் பரவிக் கிடக்கின்றன.

மருத்துவமும் ஒரு காலத்தில் அவ்வாறே இருந்தது. எவரெஸ்ட் மலையேற்றக் குழுக்களில் பங்குகொண்ட ஹாவர்ட் சோமர்வெல் என்னும் ஆங்கிலேய மருத்துவர் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் நெடுங்காலம் பணிபுரிந்தார். அவர் காலத்தில் அங்குப் புற்றுநோய்க்கு ரேடியச் சிகிச்சை அளிக்கப்பட்டது. இன்று ஓட்டம் எதிர்த்திசையில் உள்ளது. 1981இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்தைக் குமரி, நெல்லை மாவட்டத்தாரும் நாடி வருகின்றனர். குருத்தணு மாற்றுக்காக எல்லைக் கிராமத்தவர் வேலூர் செல்வதும் உண்டு. ஓர் இரவு ரயில் பயணத்தில் காட்பாடியை அடைந்துவிடலாம்.

உடலில் நிகழ்வது என்ன?

சிகிச்சை இரு வகைப்படும். நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களையே எடுத்துச் சேமித்து, கடுமையான மருந்துகளால் நோயணுக்களை அழித்தபின் திரும்பச் செலுத்துவது ஒரு வகை. மைலோமா என்னும் மஜ்ஜைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் இதுவே செய்யப்படுகிறது. பிறரிடமிருந்து பெற்றுச் செலுத்துவது மற்றொரு வகை. உடன்பிறந்தவர் ஒருவரின் திசு வகை நோயாளியுடன் முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. குடும்பங்கள் சிறுத்துவிட்ட கேரளத்தில் இந்தக் கணக்கு மேலும் பாதகமானது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் நோயுற்ற பிள்ளைக்கு உடன்பிறப்பு ஒன்றுதானே இருக்க முடியும்! ஆகவேதான் பாதியளவு பொருந்தும் பெற்றோரிடமிருந்து பெறும் முறையும், 2009இல் சென்னையில் தொடங்கப்பட்ட தாத்ரி போன்ற கொடையாளர் பதிவகங்களும் முக்கியத்துவம் பெறுகின்றன.

செலுத்தப்பட்ட குருத்தணுக்கள் மஜ்ஜையில் வேரூன்றி வெள்ளணுக்களை உண்டாக்கச் சொந்த அணு மாற்றில் இரண்டு வாரமளவும், பிறர் அணு மாற்றில் இரண்டு முதல் நான்கு வாரமும் ஆகும். வெள்ளணுக்களின் எண்ணிக்கை உயர்ந்ததும் நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். எண்ணிக்கை உயர்ந்தாலும் புதிய அணுக்களுக்கு அனுபவம் இல்லை. சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளாலும் வந்துபோன நோய்களாலும் உடல் கற்ற பாடம் பெரும்பாலும் அழிந்துபோகிறது. நோயெதிர்ப்பைப் பொறுத்தவரை நாற்பது வயது மனிதர் கைக்குழந்தையின் நிலைக்குத் திரும்புகிறார்.

பிறர் அணுக்களைப் பெற்றவருக்கு இன்னொரு இடர் உண்டு. வந்து குடியேறிய அணுக்கள் தம்மை ஏற்ற உடலையே அந்நியமாகக் கருதித் தாக்கக்கூடும். தோலில் தடிப்பு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்று அது முதல் மாதங்களில் தோன்றலாம். பின்னாளில் வாய் உலர்தல், கண் எரிச்சல், தோல் இறுகுதல், மூச்சுத் திணறல் என நீடிக்கவும் கூடும். இதைத் தடுக்கவே சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள் மாதக்கணக்கில் கொடுக்கப்படுகின்றன. அம்மருந்து எதிர்ப்பாற்றலை மேலும் தாழ்த்துகிறது. அளவு குறைந்தால் தாக்குதல் வலுக்கும். மிகுந்தால் சிறுநீரகம் கெடும். இவ்விரண்டுக்கும் நடுவே நோயாளியை நிறுத்தி வைப்பதே முதல் நூறு நாட்களின் வேலை.

இரத்தப் பரிசோதனைக்கு ஒரு காலைப்பொழுது

நடைமுறையில் இது எங்கே தவறுகிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். சைக்ளோஸ்போரின் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் காலை வேளை மருந்தை உட்கொள்ளுமுன் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். முந்திய வேளைக்கும் இரத்தம் எடுப்பதற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி நேரம் இருக்க வேண்டும். வெள்ளறடையின் மலைச்சரிவில் அல்லது பாறசாலையில் இருக்கும் ஒருவர் விடியலுக்கு முன் எழுந்து பேருந்தில் தம்பானூர் வந்து, அங்கிருந்து வேறு பேருந்தில் நகரின் வடபகுதியிலுள்ள மருத்துவக் கல்லூரி வளாகத்துக்குச் செல்ல வேண்டும். புறப்படும் அவசரத்தில் தினப் பழக்கமாக மாத்திரையை விழுங்கிவிட்டால் அன்றைய பரிசோதனை பயனற்றது. பயணச் செலவும், துணைக்கு வந்தவரின் ஒரு நாள் கூலியும் வீண். மாத்திரையைக் கையில் எடுத்துச் சென்று இரத்தம் கொடுத்தபின் உட்கொள்ள வேண்டும் என்ற ஒரு வாக்கியம், அவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால் இது நேராது.

படிக்கத் தெரிந்த மொழி என்பது இங்கே வெறும் சொல்லலங்காரம் அன்று. விடுவிப்புக் குறிப்பு எங்கும் ஆங்கிலத்திலேயே உள்ளது. எல்லைக் கிராமங்களில் வீட்டில் தமிழ் பேசியும் பள்ளியில் மலையாளம் மட்டும் பயின்றோர் உண்டு. அவர்களுக்குத் தமிழ்ப் பேச்சு புரியும், எழுத்து வாராது. தமிழ் வழியில் பயின்ற முதியோருக்கு நிலைமை நேர் எதிர். வேலூரில் தமிழில் தந்த தாளை ஒருவராலும், திருவனந்தபுரத்தில் மலையாளத்தில் தந்த தாளை மற்றவராலும் படிக்க முடிவதில்லை. இரு மொழியிலும் அச்சிட்ட ஒரே தாளை வழங்குவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

கிணறும் அடுக்களையும்

இப்பகுதியில் வீட்டுக்கு ஒரு கிணறு என்பது ஏறக்குறைய விதி. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையும் பெய்யும் மண் இது. மழைக்காலத்தில் கிணற்று நீர் கலங்குவதும், எலிக்காய்ச்சலும் டெங்குவும் தலைகாட்டுவதும் ஆண்டுதோறும் காணும் நிகழ்ச்சிகள். கொதிக்க வைத்த நீரைப் பருகும் நல்ல பழக்கம் கேரள வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் கொதித்த நீரைச் சீக்கிரம் ஆற்றுவதற்காகப் பச்சைத் தண்ணீரைக் கலக்கும் வழக்கமும் கூடவே இருக்கிறது. நோயாளிக்கு இது கூடாது. பதிமுகம், கருங்காலி போன்றவற்றை இட்டுக் காய்ச்சுவதையும், மருந்துகள் தொடரும் வரை, மருத்துவரைக் கேட்காமல் செய்யாதிருப்பதே நலம்.

உணவில் முன்பு விதிக்கப்பட்ட கடுமையான தடைகள் பல தேவையற்றவை என்று அண்மை ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. தூய்மையாகச் சமைத்துச் சூடாக உண்பதே முதன்மையானது. எனவே கஞ்சியும் வெந்த பயறும், நன்கு வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் தாராளமாக உண்ணத்தக்கவை. புரதத்துக்காக விலையுயர்ந்த மாவு டப்பாக்களை வாங்கிக் கடன்படுவோர், அந்தப் பணத்தில் மீனும் முட்டையும் வாங்கினால் போதும். முட்டை முழுதும் வெந்திருக்க வேண்டும். தவிர்க்க வேண்டியவை: இரவு முழுதும் நீரில் ஊறிய பழங்கஞ்சி, காய்ச்சாத பாலும் அதன் மோரும், கள், கடையில் நறுக்கி வைத்த பழம், பலர் கைபட்ட பிரசாதமும் விருந்துச் சோறும். வாழைப்பழம் உரித்து உண்பது, கவலை இல்லை. ஆனால் தோட்டத்துப் பம்பளிமாஸ் பழத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். அது சைக்ளோஸ்போரின் இரத்தத்தில் அளவுமீறித் தேங்கச் செய்யக்கூடும். பழம் நல்லது என்று அன்போடு கொண்டுவந்து கொடுப்பவருக்கு இது தெரிய நியாயமில்லை.

பூஞ்சையே மற்றொரு பகைவன். கிளறிய மண், மட்கிய இலை, பழைய வைக்கோல், சாணக்குழி, இடிக்கப்படும் சுவர் ஆகியவற்றிலிருந்து எழும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை வித்துக்கள் உள்ளன. நலமுள்ளோரின் நுரையீரல் அவற்றை எளிதில் அழித்துவிடும், இவரால் இயலாது. மரவள்ளி பிடுங்குவதும் ரப்பர்த் தோட்டத்தில் களை வெட்டுவதும் மருந்துகள் நிறுத்தப்படும் வரையிலாவது இவருக்கு உகந்தவை அல்ல. கல் குவாரியும் பாலராமபுரம் பக்கத்து நெசவுக்கூடமும் தூசி நிறைந்த இடங்கள். அங்கே வேலை செய்தவர் திரும்புவதற்கு முன் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். கோழிக்கூட்டையும் தொழுவத்தையும் வேறொருவர் சுத்தம் செய்ய வேண்டும். வெயிலும் ஒரு வகையில் தீங்கானது. தோலில் அடங்கியிருக்கும் தாக்குதலை அது கிளப்பிவிடக்கூடும்.

காய்ச்சலைப் பற்றிய விதி ஒன்றே. உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை எட்டினால் அது வீட்டில் வைத்துப் பார்க்கும் காய்ச்சல் அன்று. மாத்திரை கொடுத்து விடியட்டும் என்று காத்திருத்தல் உயிருக்கு ஆபத்து. நரம்பு வழி மருந்து அந்த இரவே தொடங்கப்பட வேண்டும். பாறசாலை வட்ட மருத்துவமனையோ நெய்யாற்றின்கரைப் பொது மருத்துவமனையோ அதைத் தொடங்கிவிட்டு நோயாளியைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பலாம். அதற்கு, பணியிலிருக்கும் மருத்துவர் கண்டவுடன் நிலைமையை உணரும்படி, சிகிச்சை நாள், எடுத்துவரும் மருந்துகள், தாய் மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவை எழுதிய அட்டை நோயாளியிடம் எப்போதும் இருக்க வேண்டும். இரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய இரத்தமே ஏற்ற வேண்டும் என்பதும் அதில் எழுதப்பட வேண்டும்.

பணம் எதுவரை வருகிறது?

ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018இலும், அதனோடு இணைந்த கேரளத்தின் காருண்யா ஆரோக்ய சுரக்ஷா திட்டம் 2019இலும் நடைமுறைக்கு வந்தன. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு ஏற்கப்படுகிறது. தாலசீமியா, எலும்பு மஜ்ஜைச் செயலிழப்பு நோயுற்ற குழந்தைகளுக்கு, கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியில் 2017இல் தொடங்கிய திட்டம், தெரிவு செய்யப்பட்ட மருத்துவமனைகளில் 10 இலட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. புற்றுநோயாளிகள் சிகிச்சைக்காகச் செல்கையில் ரயிலின் தூங்கும் வகுப்பில் முழுக் கட்டணச் சலுகை பெறலாம். துணைக்குச் செல்பவருக்கும் பெரும் சலுகை உண்டு.

மத்தியப் பட்டியலில் உள்ள குடும்பம் வேறு மாநில மருத்துவமனையிலும் ஆயுஷ்மான் அட்டையைப் பயன்படுத்தலாம் என்பது எல்லைப்புறத்தாருக்கு உதவும் ஏற்பாடு. மாநில அரசு தன் செலவில் சேர்த்துக்கொண்ட குடும்பங்கள் வேலூருக்குப் புறப்படுமுன் தம் அட்டை அங்கே செல்லுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமோ அம்மாநிலக் குடும்ப அட்டையுள்ளோருக்கே உரியது. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. கேரள அரசு 1967 முதல் பரிசுச்சீட்டு நடத்துகிறது. காருண்யா சீட்டின் வருமானம் ஏழை நோயாளிகளின் சிகிச்சை நிதிக்கென்று ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2003 முதல் பரிசுச்சீட்டுக்குத் தடை. ஆகவே எல்லையைக் கடந்து வந்து பாறசாலைக் கடையில் சீட்டு வாங்கும் களியக்காவிளைக்காரர், தாம் ஒருபோதும் பெற இயலாத உதவிக்கு நிதி அளிக்கிறார்!

இத்திட்டங்கள் எவ்வளவு பயன்மிக்கவையாயினும், அவற்றின் கணக்கு பெரிதும் மருத்துவமனைப் படுக்கையைச் சார்ந்தது. நோயாளி வாயிலைத் தாண்டியதும் அது மெலிந்துவிடுகிறது. பூஞ்சைத் தடுப்பு மருந்து, வாரந்தோறும் பரிசோதனை, வாடகை வண்டி, வேலூரில் மருத்துவமனைக்கு அருகே எடுத்த அறையின் வாடகை ஆகியவை குடும்பத்தின் தலையில் விழுகின்றன. ஒருவர் எப்போதும் நோயாளியுடன் இருக்க வேண்டியிருப்பதால் ஒரே வீட்டில் இரு வருமானங்கள் நின்றுபோகின்றன. தோட்டக் கூலிக்கோ தறிக்கோ செல்லும் மனைவி வீட்டில் அடைபடும்போது ஏற்படும் இழப்பு எந்தத் திட்டத்தின் படிவத்திலும் இடம்பெறுவதில்லை. பணம் தீரும்போது முதலில் கைவிடப்படுவது மீனோ துணியோ அன்று. நோயாளிக்கு நலமாகத் தோன்றுவதால், மாத்திரைதான்.

படுக்கையில் இல்லாத நோயாளி

வீட்டுப் பராமரிப்பில் கேரளம் நாட்டுக்கு வழிகாட்டிய மாநிலம். 1993இல் கோழிக்கோட்டில் தன்னார்வலர் முயற்சியாகத் தொடங்கிய வலி நிவாரணப் பணி, 2008இல் மாநில அரசின் கொள்கையாக உருவெடுத்தது. ஊராட்சிகளின் பொறுப்பில் செவிலியர் வீடு வீடாகச் செல்கின்றனர். ஆஷா பணியாளரும் உடன் செல்கின்றனர். எல்லை ஊராட்சிகளிலும் இவ்வமைப்பு இயங்குகிறது. குருத்தணு மாற்றுப் பெற்றவருக்குத் தேவையான அனைத்தும், அதாவது வெப்பமானி பார்ப்பது, நெஞ்சில் பொருத்திய குழாயைத் தூய்மை செய்வது, மாத்திரையை எண்ணிப் பார்ப்பது, கிணற்றுக்குக் குளோரின் இடுவது ஆகியவை இவர்கள் செய்யக்கூடியவையே. 2020 ஊரடங்கில் களியக்காவிளை எல்லை அடைபட்டபோது கேரளத் தீயணைப்புத் துறையினர் நோயாளிகளுக்கு மருந்தை வீட்டிலேயே சேர்ப்பித்தனர் என்பதையும் நினைவுகூரலாம்.

எனினும் நடைமுறையில் இப்பணியின் முதலிடம் படுக்கையில் கிடப்போருக்கே. பராமரிப்பவருக்கு மாத உதவி அளிக்கும் ஆஸ்வாசகிரணம் திட்டமும் படுத்த படுக்கையாக உள்ளோரின் குடும்பத்தைக் கருதியே வகுக்கப்பட்டது. குருத்தணு மாற்றுப் பெற்றவரோ எழுந்து நடக்கிறார், திண்ணையில் அமர்கிறார், முடியும் மெல்ல முளைக்கிறது. ஆனால் ஒரு குடம் நீர் தூக்கினால் களைத்துப்போகிறார். இக்களைப்பு ஓராண்டுக்கு மேலும் நீடிப்பதுண்டு. நாவின் சுவையும் மாதங்கள் கழித்தே திரும்பும். அக்கம்பக்கத்தார், உடம்புதான் தேறிவிட்டதே, ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்கத் தொடங்குவது பெரும்பாலும் நான்காம் ஐந்தாம் மாதத்தில். அப்போதுதான் அவர் மருத்துவரைக் கேட்காமல் வெட்டுக்கத்தியுடன் தோட்டத்துக்குத் திரும்புகிறார்.

எனவே படுக்கையில் இருக்கிறாரா என்பதற்குப் பதிலாக, எதிர்ப்பாற்றல் குன்றிய நிலையில் வீட்டில் இருக்கிறாரா என்பதை அளவுகோலாக்கி, மாற்றுச் சிகிச்சை பெற்றோரை ஓராண்டுக்கு வீட்டுப் பராமரிப்புப் பட்டியலில் சேர்ப்பது பொருத்தமாகும். ஓர் ஊராட்சியில் இத்தகையோர் ஒருவரோ இருவரோதான் இருப்பர். செவிலியரின் சுமை இதனால் பெரிதும் கூடிவிடாது. விடுவிக்கும் மருத்துவமனை அந்த ஊராட்சிக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். அம்மருத்துவமனை வேறு மாநிலத்தில் இருந்தாலும் அனுப்ப வேண்டும். தற்போது அக்கடிதம் நோயாளியின் பையிலேயே இருந்துவிடுகிறது.

தடுப்பூசியின் நிலைமையும் இதைப் போன்றதே. மாற்று நடந்த ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், சிலவற்றை அதற்கு முன்னரும், குழந்தைக்குப் போலவே தடுப்பூசிகளை மறுபடியும் தொடங்க வேண்டும். நிமோனியா, தொண்டை அடைப்பான், இரணஜன்னி, மஞ்சள் காமாலையின் ஒரு வகை ஆகியவை இதில் அடங்கும். தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகளை இரண்டு ஆண்டு கழிந்து, எதிர்ப்பு அடக்கும் மருந்துகள் நின்றபின்னரே போடலாம். வீட்டிலுள்ள குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்துக்குப் பதிலாக, உயிரற்ற கிருமி கொண்ட போலியோ ஊசியே போடப்பட வேண்டும். சொட்டு மருந்து கொடுக்கப்பட்டுவிட்டால், அதன்பின் சில வாரங்களுக்குக் குழந்தையின் மலத்துணியை நோயாளி கையாளலாகாது. வீட்டில் யாருக்கேனும் சின்னம்மை கண்டால், கொப்புளம் நோயாளிக்குத் தோன்றும்வரை காத்திராமல் அன்றே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். இவற்றையெல்லாம் நினைவூட்டக்கூடியவர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் இளநிலைச் செவிலியர். அவருடைய தடுப்பூசிப் பதிவேடு குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் என வகுக்கப்பட்டது. முதல் தவணைக்காக வரும் நாற்பது வயதுக்காரரின் பெயரை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று இன்னும் வரையறுக்கப்படவில்லை.